என் தகப்பனாரின் கையெழுத்து

நாட்டுக்கு உழைத்த தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளை நாம் ஏடுகளில் படித்து மகிழ்கிறோம். வீட்டுக்கு உழைத்து ஓய்ந்த தகப்பன்மார்களின் வரலாற்றை எழுதுவார் அரியர். அதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பாரும் உண்டு. விடியலில் எழுந்தார், வேலைக்குப் போனார், பொழுது சாயத் திரும்பினார், மக்களை வளர்த்தார், மறைந்தார் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடக்கூடிய வாழ்க்கைதானே என்பர். ஆனால் நம்முடைய சங்கங்களின் பேரேடுகளைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள். அவற்றில் வரிசை வரிசையாக நிற்கும் பெயர்கள் யாருடையவை? பெரும்பாலும் இத்தகைய மனிதர்களுடையவைதாம். அவர்கள் வாங்கிய கடனும், தவணை தவறாமல் கட்டிய பணமும், ஒருவருக்காக ஒருவர் போட்ட ஜாமீனும் சேர்ந்ததுதான் கூட்டுறவின் வரலாறு.

என் தகப்பனாரும் அத்தகைய பேரேட்டுப் பெயர்களில் ஒன்றாக வாழ்ந்தவர். கரும்பு வெட்டியும் வண்டி ஓட்டியும் வெல்லம் காய்ச்சியும் எங்களை வளர்த்தவர். அவருடைய வாழ்க்கையில் அங்கத்தினர்களாகிய நாம் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அது ஒரு கையெழுத்தைப் பற்றியது. அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

மலையும் ஆறும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலையின் அடிவாரத்தில் அமைந்தது எங்கள் வடக்கனந்தல். என் தகப்பனார் அங்கே பிறந்தது ஏறக்குறைய 1932ஆம் ஆண்டு. ‘ஏறக்குறைய’ என்று ஏன் சொல்கிறேன் என்றால், அவருடைய பிறப்பை எழுதி வைக்க அன்று எங்கள் வீட்டில் எழுத்தறிந்தவர் எவரும் இல்லை. அவர் பிறந்தபோது எங்கள் ஊர் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. 1993இல் விழுப்புரம் மாவட்டம் ஆயிற்று. அவர் மறைந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆயிற்று. மாவட்டங்கள் மூன்று மாறினும் மலை மாறவில்லை; ஆறு மாறவில்லை; உழைக்கிறவன் பாடும் பெரிதாக மாறிவிடவில்லை என்று அவரைப் போன்றவர்கள் சொல்லக்கூடும்.

அந்த ஆற்றின் பெயர் கோமுகி. கல்வராயன் மலையில் தோன்றி, எங்கள் பக்கத்து வயல்களை நனைத்து, கிழக்கே சென்று மணிமுக்தாவோடு கலந்து வெள்ளாற்றைச் சேர்வது. மலையில் மழை கொட்டினால் ஒரே இரவில் பெருகும். மழை நின்றால் சில நாளில் மணலாகும். ஏரியும் கிணறும் உள்ளவன் பிழைத்தான். இல்லாதவன் கூலிக்குப் போனான். என் தகப்பனாருக்கு இரண்டுமில்லை.

மலையின்மேல் வாழ்ந்தவர்களின் நிலை அதனினும் கடினம். கல்வராயன் மலை நாடு நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்தது. நாடு விடுதலை பெற்றபின்னும் அந்த முறை நீடித்து, 1976இல்தான் அரசு அம்மலையைத் தன் பொறுப்பில் ஏற்றது. அதுவரை மலைமக்கள் ஜாகீர்தார்களுக்குக் கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. மலையிலிருந்து புளியும் கடுக்காயும் இறக்கிவரும் வண்டிகளோடு என் தகப்பனார் இளமையில் போய் வந்தவர். “நான் கூலிக்காரன், ஆனாலும் வாங்குகிற கூலி என் கைக்கு வருகிறது. மலையிலே அதுவும் இல்லை. நமக்குக் கீழேயும் ஒருவன் சுமக்கிறான் என்பதை மறக்கக்கூடாது” என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

அணையில் கிடைத்த நட்பு

1963ஆம் ஆண்டு தொடங்கிக் கோமுகியின் குறுக்கே அணை எழுந்தது. 1965இல் நிறைவு பெற்றது. 46 அடி உயரத்துக்கு நீர் தேங்கும் அவ்வணையைக் கொண்டு இன்று பதினாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் பாசனம் பெறுகிறது. அணையைத் திட்டமிட்ட பொறியாளர்களை நாம் போற்றுகிறோம், போற்ற வேண்டியதே. அந்தக் கரையின் மண்ணைக் கூடை கூடையாகத் தலையில் சுமந்தவர்களின் பெயர்கள் எந்தக் கல்லிலும் இல்லை. சுமந்தவர்களில் என் தகப்பனார் ஒருவர். என் தாயாரும் ஒருவர். அப்போது நான் சிறு பையன். மரத்தில் கட்டிய தூளியில் என் தங்கை கிடப்பாள். அதை ஆட்டுவது என் வேலை.

அங்கேதான் நெசவாளர் ஒருவர் என் தகப்பனாருக்கு நண்பரானார். பக்கத்துக் கிராமத்துக்காரர். நூல் விலை ஏறி, கையிலிருந்த தறியும் போய், மண் சுமக்க வந்தவர். தறியில் உட்கார்ந்து பழகிய உடம்பு. கூடையைத் தூக்கினால் இடுப்பு வளையும். “அண்ணே, பாவு கட்டத் தெரிந்த கைக்கு இந்த மண்வெட்டி பிடிபடவில்லையே” என்பாராம். என் தகப்பனார் அவருடைய கூடையில் ஒரு பங்கு குறைத்துத் தம் கூடையில் போட்டுக்கொள்வாராம். கஞ்சிக் கலயத்தை இருவரும் பகிர்ந்துகொள்வார்களாம். உழவன் நெசவாளன் என்ற இரு தொழிலாரும் வயிற்றுக்கும் மானத்துக்கும் உரியவர்கள் அல்லவா? பசி வந்த இடத்தில் இருவரும் ஒரே கூடையைச் சுமந்தார்கள்.

அணை வந்ததும் எங்கள் பக்கம் கரும்பு பெருகியது. அணைக் கூலியில் மிச்சம் பிடித்ததைக் கொண்டு என் தகப்பனார் ஒரு மயிலையும் ஒரு செவலையுமாக ஒரு ஜோடி மாடு வாங்கினார். பழைய வண்டி ஒன்றும் சேர்ந்தது. எங்கள் குடும்பத்தில் கூலிக்காரன் என்ற பெயர் போய் வண்டிக்காரர் என்ற பெயர் வந்தது அந்த ஆண்டில்தான். பகலில் கரும்புப் பாரம். இரவில் வெல்லக் கொட்டகை. வெல்லம் காய்ச்சுவதில் அவருக்குப் பெயர் உண்டு. மாடு சுற்ற, இரும்பு உருளைகளிடையே கரும்பு நசுங்கிச் சாறு ஒழுகும். அதைக் கொப்பரையில் ஊற்றி, காய்ந்த சக்கையையும் சோகையையும் எரித்துக் காய்ச்சுவார்கள். அளவாகச் சுண்ணாம்பு இட்டு, பொங்கி வரும் அழுக்கை வாரி எறிந்து, பாகு திரளும் வேளையை நோக்கியிருக்க வேண்டும். சிறிது பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பார். ஒரு நொடி முந்தினால் வெல்லம் இளகும். ஒரு நொடி பிந்தினால் கருகும். “பதம் தவறினால் நூறு பேர் உழைப்பு வீண்” என்பார். கொப்பரை தெறித்து அவருடைய வலக்கையில் விழுந்த தழும்பு கடைசிவரை இருந்தது.

மணலில் எழுதிய பெயர்

காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் தொடங்கிய பள்ளி மதிய உணவு என்னைப் போன்ற பிள்ளைகளைப் பள்ளிக்கு இழுத்தது. முதலில் சோற்றுக்குப் போனேன். பிறகு எழுத்தும் பிடித்துவிட்டது. என் தகப்பனார் நாணயச் சங்கமொன்றில் அங்கத்தினராகச் சேர்ந்திருந்தார். அங்கே போகும்போதெல்லாம் இடதுகைப் பெருவிரலில் மை தடவி ரேகை வைத்துவிட்டு வருவார். வீட்டுக்கு வந்ததும் அந்த மையைச் சாம்பலிட்டுத் தேய்த்துக் கழுவுவார். நெடுநேரம் தேய்ப்பார். ஏன் அவ்வளவு தேய்க்கிறார் என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

ஒருநாள் இரவு என்னைக் கூப்பிட்டு, “தம்பி, என் பெயரை எப்படி எழுதுவது, காட்டு” என்றார். வாசலில் மணலைப் பரப்பி, அவர் விரலைப் பிடித்து, எழுத்து எழுத்தாக எழுதிக் காட்டினேன். கொப்பரைச் சட்டுவத்தைப் பிடித்து உரமேறிய விரல், வளைய மறுத்தது. ஒரு மாதம் ஆயிற்று. பிறகு பலகையில் எழுதினார். பிறகு தாளில் எழுதினார். மற்ற எழுத்துக்களைக் கற்றுக்கொள்ளுங்கள் என்றால், “எனக்கு என் பெயர் போதும்” என்று சொல்லிவிட்டார். தந்தைக்கு எழுத்தறிவித்த பெருமையில் நான் பள்ளியெங்கும் சொல்லித் திரிந்தேன். அப்போது எனக்கு வயது பன்னிரண்டு.

அவர் சங்கத்தில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டது 1970ஆம் ஆண்டில். தம் கடனுக்கு அன்று. அணையில் கூட மண் சுமந்த அந்த நெசவாளர் மீண்டும் ஒரு தறி வைத்துப் பிழைக்க 500 ரூபாய் கடன் கேட்டிருந்தார். அதற்கு ஆள் ஜாமீன் வேண்டியிருந்தது. கேட்டவுடன் என் தகப்பனார் போனார். மை டப்பாவைக் காரியதரிசி நகர்த்தி வைத்தபோது, “வேண்டாம், பேனா கொடுங்கள்” என்றாராம். அன்று மாலை அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சி இன்னும் என் கண்முன் நிற்கிறது. கையைக் கழுவ வேண்டிய தேவை அன்று அவருக்கு இல்லை.

நெசவாளர் சில தவணைகள் ஒழுங்காகக் கட்டினார். அடுத்த ஆண்டு நெஞ்சு நோய் கண்டு படுத்தவர் எழவில்லை. தறியையும் மருத்துவச் செலவுக்காக விற்றிருந்தார்கள். மனைவியும் ஒரு மகனும் மிஞ்சினார்கள். சங்கத்திலிருந்து ஜாமீன்தாரருக்கு அறிவிப்பு வந்தது. அசலும் வட்டியுமாகக் கட்ட வேண்டிய பாக்கி 386 ரூபாய். அந்த அறிவிப்பை வீட்டில் வாசித்துச் சொன்னவன் நான்தான்.

மாடு போன நாள்

ஊரில் பலர் பல வழி சொன்னார்கள். “எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று சொல்லிவிடு, என்ன எழுதியிருந்தது என்றே தெரியாமல் போட்டேன் என்று மனுக் கொடு” என்றார் ஒருவர். “இரண்டு வருஷம் இழுத்தடித்தால் அவர்களே சலித்துவிடுவார்கள்” என்றார் மற்றொருவர். என் தாயார், “நம்ம பிள்ளைகளைப் பார்க்க வேண்டாமா?” என்று கேட்டு அழுதார். என் தகப்பனார் அன்று இரவு மாட்டுக்கொட்டிலில் படுத்திருந்தார். விடிந்ததும் ஜோடியை ஓட்டிக்கொண்டு வாரச் சந்தைக்குப் போய்விட்டார். 650 ரூபாய்க்கு விலை போயின. 386 ரூபாயைச் சங்கத்தில் கட்டி ரசீது வாங்கிக்கொண்டு, கையில் இரண்டு கயிறுகளோடு நடந்தே வீட்டுக்கு வந்தார்.

நான் அவரோடு பேசவில்லை. என்மேலேயே எனக்கு ஆத்திரம். நான் எழுத்துக் கற்றுக் கொடுக்காமல் இருந்திருந்தால், மாடுகள் கொட்டிலில் நிற்கும் அல்லவா? பிள்ளை மனத்தின் கணக்கு அப்படித்தான். ரேகை வைத்திருந்தாலும் ஜாமீன் ஜாமீன்தான் என்பது எனக்குத் தெரியவில்லை. மறுநாள் புத்தகப் பையை உறியில் தூக்கி மாட்டிவிட்டு, “இனிமேல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை, ஆடு மேய்க்கிறேன்” என்றேன்.

அவர் என்னை அடிக்கவில்லை. அருகில் உட்கார வைத்துக்கொண்டு சொன்னார்: “தம்பி, கையெழுத்துப் போட்டது நான். அதற்கு என் மாடு பொறுப்பு, என் உடம்பு பொறுப்பு. உன் படிப்பு எதற்குப் பொறுப்பாக வேண்டும்? அதை நான் ஜாமீன் வைக்கவில்லையே!” பையை அவரே எடுத்து என் தோளில் மாட்டினார். மாடு விற்று மிஞ்சிய 264 ரூபாயில் எனக்கும் என் தங்கைக்கும் புத்தகம், சட்டை வாங்கியது போக மீதி அரிசிக்கு ஆயிற்று.

வண்டிக்காரர் என்ற பெயர் போயிற்று. அந்தப் பருவம் முதல் அவர் கரும்பு வெட்டும் கூட்டத்தோடு போகத் தொடங்கினார். சர்க்கரை ஆலைகளின் அரவைக் காலத்தில் ஊர் ஊராகப் போய் வெட்ட வேண்டும். இருட்டோடு எழுந்து, பனியில் நனைந்த தோகைக்குள் புகுந்து, குனிந்த முதுகோடு வெட்ட வேண்டும். கரும்பின் அடியில்தான் சர்க்கரைச் சத்து மிகுதி. ஆதலால் தரையோடு தரையாக வெட்டாவிட்டால் விவசாயிக்கு நட்டம். மறுதாம்பும் சரியாகத் துளிர்க்காது. வெட்டிய கரும்பு வெயிலில் காயக் காய எடையும் சத்தும் குறையும். அன்றே கட்டிப் பாரமேற்ற வேண்டும். தோகையின் சுணை கழுத்தையும் கையையும் அறுக்கும். இரவில் சோகைக் குடிசையில் படுக்கை. பத்து நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். வரும்போது துண்டில் முடிந்த காசும், தங்கைக்கு ஒரு துண்டுக் கரும்பும் இருக்கும். நான் பள்ளி இறுதி வகுப்பு முடித்து, பயிற்சி பெற்று, ஆசிரியனாகும்வரை இந்த வேலையை அவர் விடவில்லை.

வந்துகொண்டிருந்த வட்டி

அந்த நெசவாளரின் மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணவர் இறந்தபின் அவர் தார் சுற்றியும் நூல் இழைத்தும் மகனை வளர்த்தார். பையன் உறவினர் தறியில் உட்கார்ந்து, பின்னர்க் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கமொன்றில் அங்கத்தினராகி, சங்கம் கொடுத்த நூலில் நெய்து கூலி வாங்கினான். தனி நெசவாளன் நூலுக்கு ஒருவரிடமும் விற்பனைக்கு ஒருவரிடமும் கைகட்டி நின்ற நிலையைப் போக்கத்தானே ஊர்தோறும் நெசவாளர் சங்கங்களும், அவற்றுக்குத் தலைமையாக 1935இல் பின்னாளில் கோ-ஆப்டெக்ஸ் என்று பெயர் பெற்ற நிலையமும் தோன்றின! அந்தப் பையனின் தந்தைக்குக் காலத்தில் கிட்டாத துணை மகனுக்குக் கிட்டியது.

1972ஆம் ஆண்டுப் பொங்கலன்று அந்த அம்மையார் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு துண்டு. “அண்ணே, கடனை அடைக்க எனக்கு வழியில்லை. மகன் நெய்தது. வாங்கிக்கொள்ள வேண்டும்” என்றார். என் தகப்பனார் இரு கையாலும் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். 1989இல் அவர் காலமாகும் ஆண்டுவரை ஒரு பொங்கலும் தவறவில்லை. மொத்தம் 18 துண்டுகள். என் தாயார் ஒருமுறை, “ஏங்க, கட்டின பணம் எல்லாம் துண்டாகவே வந்துவிட்டது போலிருக்கே” என்று சிரித்தபோது, “அசல் போகட்டும், வட்டி வந்துகொண்டே இருக்கிறது பார்” என்றார் என் தகப்பனார். கடைத்துண்டு அவர் தோளில் ஏறியதை நான் பார்த்ததில்லை.

பேத்தியின் மாணவர்

தந்தையாக இருந்தபோது அவருக்கு எங்களோடு உட்கார நேரமில்லை. அந்தக் குறையைப் பேரப்பிள்ளைகளிடம் தீர்த்துக்கொண்டார் என்றே சொல்ல வேண்டும். என் மகளைக் காலையில் பள்ளிக்கு மிதிவண்டியில் கொண்டுபோய் விடுவது அவர். மாலையில் அழைத்து வருவது அவர். மழை வந்தால் உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துப் பேத்தியின் தலையில் போட்டு, தாம் நனைந்து வருவார். காய்ச்சல் கண்டால் இரவெல்லாம் கண் விழித்திருப்பார். “தாத்தா, கதை” என்றால் அணை கட்டிய கதையைத்தான் சொல்லுவார். ஒவ்வொரு முறையும் அணை சிறிது உயர்ந்துகொண்டே போகும்.

தமிழகமெங்கும் அறிவொளி இயக்கம் நடந்த 1990களில், எட்டு வயதுப் பேத்தி அவருக்கு ஆசிரியையானாள். என்னிடம் “என் பெயர் போதும்” என்று சொன்னவர், அவளிடம் அப்படிச் சொல்ல முடியவில்லை. “தாத்தா, ‘அ’ எழுதாவிட்டால் சோறு கிடையாது” என்று தட்டை மறைத்துக்கொள்வாள். அறுபதைக் கடந்த பருவத்தில், கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார். பேருந்துப் பலகை, கடைப் பெயர், சுவரொட்டி என்று வழியெல்லாம் படித்துக்கொண்டு போவார்.

ஒருநாள் தகரப் பெட்டியைத் திறந்து ஒரு பழைய காகிதத்தை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தார். பணம் கட்டி முடித்தபோது அவருக்குத் திரும்பக் கிடைத்த ஜாமீன் பத்திரம் அது. மடிப்பெல்லாம் நைந்திருந்தது. பேத்தி பக்கத்தில் உட்கார, விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். ‘கடன்தாரர் செலுத்தத் தவறுமிடத்து’ என்ற சொல்லருகே நெடுநேரம் நின்றார். ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆயிற்று. முடிவில் தம் கையெழுத்தைத் தொட்டுப் பார்த்தார். கோணலும் மாணலுமாக, நான் மணலில் எழுதிக் கொடுத்த அதே எழுத்துக்கள்.

எனக்கு இருபத்து நான்கு ஆண்டுப் பாரம் நெஞ்சில் ஏறியது. “அப்பா, அன்றைக்குப் படிக்கத் தெரிந்திருந்தால் போட்டிருப்பீர்களா?” என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். “படித்திருந்தால் வீட்டிலே உன் அம்மாவைக் கேட்டுவிட்டுப் போட்டிருப்பேன். அவளைக் கேட்காதது தப்பு. போட்டது தப்பில்லை. இதில் என்ன எழுதியிருக்கிறதோ, அதைத்தான் செய்திருக்கிறேன்” என்றார். சிறிது நேரம் கழித்து, “நீ சொல்லிக் கொடுத்த எழுத்து பொய்யாகிவிடவில்லை” என்றும் சொன்னார். பிள்ளை மனத்தில் நான் போட்ட தவறான கணக்கை அவர் எப்போதோ அறிந்திருந்தார் போலும்.

தள்ளுபடியும் தந்தையும்

பிற்காலத்தில் என் சம்பளமும் அவருடைய சேமிப்பும் சேர்ந்து 80 சென்ட் நிலம் வாங்கினோம். அதில் அவரே கரும்பு நட்டார். சங்கத்தில் பயிர்க்கடன் வாங்குவார். வெட்டியவுடன் முதல் வேலையாகக் கட்டிவிடுவார். 2006ஆம் ஆண்டு கூட்டுறவுச் சங்கங்களில் விவசாயிகள் பெற்ற கடன்களை அரசு தள்ளுபடி செய்தது. அவர் அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் முழுக்கடனையும் கட்டி முடித்திருந்தார். “ஐயோ பாவம், ஏமாந்துவிட்டீரே!” என்று பலர் இரங்கினார்கள். “ஏமாறவில்லை. அரசாங்கம் செய்வதற்கு முன்னாலே என் கடனை நானே தள்ளுபடி செய்துவிட்டேன்” என்று சிரித்தார்.

ஆனால் தள்ளுபடி பெற்றவர்களை நான் குறைத்துப் பேசியபோது அவர் என்னைக் கடிந்துகொண்டார். “மழை பொய்த்தவனும் உண்டு, விலை கிடைக்காதவனும் உண்டு. விழுந்தவனைத் தூக்கிவிடுவது தப்பா? எனக்கு முடிந்தது, கட்டினேன். முடியாதவனை நாணயமில்லாதவன் என்று சொல்ல நீ யார்?” என்றார். நெசவாளர் கடனை அடைத்தவர் அல்லவா? இறந்த அந்த மனிதரை ஒரு நாளும் அவர் குறை கூறியதில்லை.

ஐக்கிய நாடுகள் அவை உலகக் கூட்டுறவு ஆண்டாக அறிவித்த 2012ஆம் ஆண்டில், சங்கக் கூட்டமொன்றில் மூத்த அங்கத்தினர் என்ற முறையில் அவரைப் பேசச் சொன்னார்கள். மேடையேறிப் பழக்கமில்லாதவர். நின்ற இடத்திலிருந்தே இவ்வளவுதான் சொன்னார்: “நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். நீங்கள் படித்துவிட்டுப் போடுங்கள். வீட்டிலே கேட்டுவிட்டுப் போடுங்கள். போட்டபிறகு அது உங்கள் கை; அதை வெட்டிக்கொண்டு எங்கேயும் போக முடியாது.”

அடுத்த ஆண்டு, 2013இல், தை பிறந்து சில நாட்களில் அவர் காலமானார். தகரப் பெட்டியில் இருந்தவை: நைந்த ஜாமீன் பத்திரம், 386 ரூபாய்க்கு ரசீது, மாடுகளின் இரண்டு மூக்கணாங்கயிறு, பாக்கி ஏதுமில்லை என்று காட்டும் பாஸ் புத்தகம், உடுத்தாமல் மடித்து வைத்த பதினெட்டாவது துண்டு. செய்தி கேட்டு அந்த நெசவாளரின் மகனும், இப்போது அவரும் தலை நரைத்தவர், வந்திருந்தார். அந்தத் துண்டை அவரே எடுத்து என் தகப்பனாரின் தோளில் போர்த்தினார். பேத்தி அன்று செவிலியர் பயிற்சியில் இருந்தாள். ஓடி வந்தவள், “எனக்கு ஒரே ஒரு மாணவர்” என்று சொல்லி அழுதாள். இன்று அவள் நோயாளிகளிடம் ஒப்புதல் படிவத்தை நீட்டும்போது, முழுவதையும் வாசித்துச் சொல்லிய பின்னரே கையெழுத்து வாங்குகிறாள்.

அங்கத்தினர்களுக்கு ஒரு சொல்

நம் மாநிலத்தில் 1904ஆம் ஆண்டு திரூரில் முதல் கடன் சங்கம் தோன்றிய நாள்தொட்டு எத்தனையோ சட்டங்கள் வந்தன. எத்தனையோ திட்டங்கள் வந்தன. பேரேட்டின் இடத்தில் கணினி வந்துவிட்டது. 2025ஆம் ஆண்டையும் உலகக் கூட்டுறவு ஆண்டாக ஐக்கிய நாடுகள் அவை அறிவித்தது. ஆயினும் இவ்வியக்கத்தின் அச்சாணி ஒன்றே: ஒருவன் மற்றொருவனுக்காகப் போடும் கையெழுத்து. சொத்தில்லாதவனுக்கு வட்டிக்கடைக்காரன் கொடுக்க மாட்டான். அவனுக்கும் கடன் கிடைப்பது, அவனை அறிந்த இன்னொருவன் “நான் இருக்கிறேன்” என்று சொல்வதால்தான்.

ஆதலின் ஜாமீன் கேட்டு வரும் நண்பரை விரட்டிவிட வேண்டா. வெறும் சடங்கென்று எண்ணி, படிக்காமல் போட்டுவிடவும் வேண்டா. பத்திரத்தை வாசியுங்கள், வாசிக்க இயலாதாயின் பள்ளி செல்லும் பிள்ளையையோ பேத்தியையோ வாசிக்கச் சொல்லுங்கள், மனைவியையும் மக்களையும் கலந்துகொள்ளுங்கள், நண்பரால் கட்ட முடியாமற்போனால் நம்மால் தாங்க முடியுமா என்று எண்ணுங்கள். சங்கத்தாரும் ஜாமீன்தாரருக்குப் பத்திரத்தை உரக்கப் படித்துக் காட்டிய பின்னரே பேனாவைக் கொடுக்கட்டும். அவ்வாறு செய்வதில் ஐந்து நிமிடம்தான் செலவாகும்; எங்கள் கொட்டிலில் ஒரு ஜோடி மாடு நின்றிருக்குமா என்பது வேறு கேள்வி. என் தகப்பனாரை நான் அறிந்தவரையில், படித்துக் காட்டியிருந்தாலும் போட்டிருப்பார். என் தாயாரிடம் சொல்லிவிட்டுப் போட்டிருப்பார். அந்த ஒரு வேறுபாடே எங்கள் வீட்டுக்குப் பெரிதாக இருந்திருக்கும்.

தமிழில் கடன் என்ற சொல்லுக்கு வாங்கிய பணம் என்றும் பொருள். செய்ய வேண்டிய கடமை என்றும் பொருள். என் தகப்பனாருக்கு அவ்விரண்டும் ஒன்றாகவே இருந்தன. இரண்டிலும் பாக்கி வைக்காமல் அவர் போனார். வடக்கனந்தலில் இப்போதும் தை மாதத்தில் கரும்புப் பாரங்கள் போகின்றன. கோமுகியில் நீர் நிறைந்தால் வாய்க்கால் வழியே எங்கள் 80 சென்டுக்கும் வருகிறது. மடையைத் திறக்கக் குனியும்போது, இந்த நீரில் அவர் சுமந்த கூடைகளின் பங்கும் உண்டு என்று நினைத்துக்கொள்கிறேன்.